பாய்மரப் படகில் குடியிருப்பவர்களின் மின்கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம், கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து ஏராளமான பாய்மரப் படகுகள் ஒன்றாகக் கிளம்பி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கின்றன. ஏஆர்சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கூட்டுப்பயணம் 1986-இல் தொடங்கியது. இப்போது அது முடிகிற இடம் கரீபியனில் உள்ள செயின்ட் லூசியா தீவு. தூரம் சுமார் 2,700 கடல் மைல். நடுத்தர அளவுப் படகுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடிக்கும். இதில் போகிற பலர் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள். அக்கரை சேர்ந்ததும் தீவு தீவாக நங்கூரம் போட்டு, மாதக்கணக்கில் படகிலேயே வாழ்வார்கள்.

அப்படி வாழ்கிறவர்களுக்கு மின்வாரியம் கிடையாது. குளிர்சாதனப் பெட்டி, குடிநீர் பம்ப், சுக்கானைப் பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட், இரவில் பெரிய கப்பலின் கண்ணுக்கு நம்மைக் காட்டும் விளக்கு, அவசரத்துக்குக் கூப்பிட ரேடியோ என்று எல்லாமே ஒரே பேட்டரித் தொகுப்பை நம்பி ஓடுகின்றன. நடுக்கடலில் அது படுத்துவிட்டால் இருட்டில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. யாராவது ஒருவர் இரவும் பகலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு பேர் மட்டுமே இருக்கும் படகில் அந்தக் களைப்பே ஆபத்து.

படகின் மின் அமைப்பைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை பேட்டரி போடலாம்?" என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று. பேட்டரி எதையும் உற்பத்தி செய்வதில்லை. இன்று எடுத்ததை நாளைக்குள் திரும்பப் போட வழியில்லை என்றால், எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் காலியாகிற நாள் ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முதலில் செலவு, அடுத்து வரவு, அதன் பிறகு சேமிப்பு என்ற வரிசையில் போனால் பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

செலவுக் கணக்கு ஒன்றல்ல, இரண்டு

40 அடிப் படகு, அதில் இரண்டு பேர், 12 வோல்ட் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். படகுகளில் கணக்கை ஆம்பியர்-மணியில் போடுவது வழக்கம். 5 ஆம்பியர் இழுக்கும் ஒரு சாதனம் 12 மணி நேரம் ஓடினால் 60 ஆம்பியர்-மணி.

அந்த 60, கற்பனை எண் அல்ல. வெப்பமண்டலத்தில் சாதாரண 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் ஏறத்தாழ பாதி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் அது தின்பது அவ்வளவு. நங்கூரம் போட்டு நிற்கும் படகில் அதுதான் பெரிய செலவாளி. எல்இடி விளக்குகள், நங்கூர விளக்கு, தண்ணீர் பம்ப் மூன்றும் சேர்ந்தே 11-ஐத் தாண்டாது. மடிக்கணினிக்கும் செல்போன்களுக்கும் 20, இரண்டு சின்ன மின்விசிறிக்கு 12, செயற்கைக்கோள் இணையப் பெட்டியைப் பத்து மணி நேரம் போட்டு வைத்தால் 25. கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய இயந்திரம் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் 50 லிட்டர் தண்ணீருக்கு இன்னொரு 18. எல்லாம் கூட்டினால் நாளொன்றுக்கு 145 ஆம்பியர்-மணி அளவில் வரும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கடலில் ஓடும்போது கணக்கே வேறு. அட்லாண்டிக்கின் வியாபாரக் காற்றில், பின்னாலிருந்து வரும் அலையில், படகு இடமும் வலமுமாகப் புரண்டுகொண்டே போகும். ஆட்டோபைலட்டுக்கு ஒரு நொடி ஓய்வில்லை. சராசரி 4 ஆம்பியர் என்று வைத்தாலே 24 மணி நேரத்துக்கு 96. வரைபடத் திரையும் மற்ற அளவிகளும் 36. கப்பல்கள் ஒன்றுக்கொன்று தம்மை அடையாளம் காட்டிக்கொள்ளும் ஏஐஎஸ் கருவியும், குறுந்தூரப் பேச்சுக்கான விஎச்எஃப் ரேடியோவும் 15. ரேடாரை இரவில் விட்டுவிட்டுப் போட்டாலும் 10. குளிர்சாதனப் பெட்டி அதே 60. குடிநீர் இயந்திரம், விளக்கு, கொஞ்சம் இணையம் என்று மிச்சத்தையும் சேர்த்தால் 280-ஐத் தொடும். நங்கூரத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வாழ்நாளில் பெரும்பகுதி நங்கூரத்தில்தானே கழிகிறது, அதற்கே திட்டமிட்டால் போதாதா என்று தோன்றலாம். நங்கூரத்தில் மின்சாரம் குறைந்தால் குளிர்ந்த தண்ணீர் கிடைக்காது. கடலில் குறைந்தால் சுக்கானும் விளக்கும் போகும். ஆகவே அமைப்பைக் கடல் கணக்குக்குத் தயார் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் நங்கூரத்தில் தாராளமாகவே இருக்கும்.

செலவைக் குறைக்கும் வழிகளில் என்னை மிகவும் கவர்ந்தது மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லாதது. 1960-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயம் நடந்தபோது, அதில் கலந்துகொண்ட பிளாண்டி ஹாஸ்லர் காற்றின் விசையாலேயே படகைத் தானாகத் திருப்பும் கருவி ஒன்றைத் தன் சிறிய படகில் பொருத்தியிருந்தார். அந்தப் பந்தயத்தில் வென்ற பிரான்சிஸ் சிச்செஸ்டரும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நம்பிப் போனார். படகின் பின்புறம் நிற்கும் ஒரு தகடு காற்றின் திசை மாறும்போது சாய்கிறது. ஓடும் தண்ணீரின் விசையை வாங்கி அந்தச் சாய்வு சுக்கானைத் திருப்புகிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நெடும்பயணப் படகுகளில் இதன் வழித்தோன்றல்களைப் பார்க்கலாம். விலை அதிகம்தான். ஆனால் 280-லிருந்து 96 ஒரே அடியாகக் கழிகிறது. காற்று பலமாக வீசும்போது ஆட்டோபைலட் அதிகம் குடிக்கும். இந்தக் கருவி அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். பேட்டரிக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் இதை ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

வரவு: வெயில், காற்று, நீர்

600 வாட் சோலார் பேனல் என்று எழுதியிருந்தால் அது 600 வாட் தருவது மிக அபூர்வம். கரீபியன் குளிர்காலத்தில் ஒரு நாளின் வெயிலை உச்சி வெயிலாக மாற்றிக் கணக்கிட்டால் நான்கரை முதல் ஐந்து மணி நேரம் தேறும். படுக்கைவசமாகப் பொருத்துவது, சூடு, உப்புப் படிவு, வயர் இழப்பு என்று கால்வாசிக்கு மேல் கழித்துவிட்டால் சுமார் 2,000 வாட்-மணி மிஞ்சும். ஆம்பியர்-மணியில் 155 போல. நங்கூரச் செலவான 145-க்கு இது சரியாகப் பொருந்துகிறது. அமைதியான விரிகுடாவில், மேகமில்லாத நாளில், ஜெனரேட்டர் சத்தமே இல்லாமல் காலத்தை ஓட்டலாம்.

அதே பேனல்கள் அட்லாண்டிக் நடுவில் பாதிதான் தரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அங்கே படகு மேற்கு நோக்கி ஓடுகிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது, அதாவது படகின் இடது பக்கம். காலையில் சூரியன் பின்னால் இருப்பதால் பின்புற வளைவில் பொருத்திய பேனல்களில் வெயில் நன்றாக விழும். மதியத்துக்கு மேல் சூரியன் படகுக்கு முன்னால் இறங்க ஆரம்பிக்கும். அப்போது விரித்த பாய்களின் நிழல் முழுக்க அந்தப் பேனல்கள் மேலேயே வந்து விழுகிறது. பேனலில் ஒரு மூலையில் விழும் கயிற்று நிழல்கூடத் தொடராக இணைத்த மற்ற செல்களின் ஓட்டத்தையும் பாதிக்கும். அதனால் ஒவ்வொரு பேனலுக்கும், அல்லது இடம் வலம் என இரண்டு தொகுதிக்கும், பேனலிலிருந்து முடிந்த அளவு சக்தியைக் கறந்து பேட்டரிக்கு அனுப்பும் எம்பிபிடி கன்ட்ரோலரைத் தனித்தனியாக வைப்பது படகில் வீண்செலவல்ல. ஒன்று நிழலில் இருந்தாலும் இன்னொன்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

சரி, காற்றாலை போடலாமே? கரீபியனில் காற்றுக்குப் பஞ்சமில்லை. நங்கூரத்தில் அது இரவிலும் உழைக்கும். கடப்பின்போது ஏமாற்றிவிடும். காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) காற்று பின்னாலிருந்து வீச, படகு 6 நாட் வேகத்தில் அதே திசையில் ஓடினால், படகில் உணரப்படும் காற்று 12 நாட் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கின் மும்மடியைப் போட்டுப் பாருங்கள். நங்கூரத்தில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

அந்த ஆறு நாட் வேகத்தையே சக்தியாக்குவது நீர்மின் கருவி. படகின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சுழலியைத் தண்ணீரில் இறக்கினால், படகு ஓட ஓட அது சுற்றி மின்சாரம் தரும். இன்று பரவலாகத் தெரிந்த வாட் அண்ட் சீ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு மாலுமி யானிக் பெஸ்தவன். தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தின் 2020-21 வெற்றியாளரும் அவர்தான். அந்த நிறுவனத்தின் சுற்றுப்பயணப் படகுக் கருவி 5 நாட் வேகத்தில் 120 வாட் அளவு தருகிறது. ஆறு நாட்டுக்கு அது 200-ஐ நெருங்கும். காரணம் அதே மும்மடிக் கணக்கு. இழப்புகளைக் கழித்துப் பத்து ஆம்பியர் என்று வைத்தாலும், இரவு பகல் பாராமல் ஓடுவதால் நாளுக்கு 240 ஆம்பியர்-மணி. சோலார் பாதியாகக் குறைந்தாலும் 280 செலவை இது தாங்கிவிடும். காற்று செத்து வேகம் 4 நாட்டாக இறங்கினால் 60 வாட்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாட்களில் அலை குறைந்து ஆட்டோபைலட் குறைவாக உழைக்கும் என்பது சின்ன ஆறுதல். மிதக்கும் கடற்பாசி சுழலியில் சிக்கும் தொல்லையும் இந்த வழியில் உண்டு.

டீசல் என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்ளலாம். பேட்டரிக்காக மட்டும் தினமும் மணிக்கணக்கில் என்ஜினைச் சும்மா ஓடவிடுவது எரிபொருளுக்கும் கேடு, என்ஜினுக்கும் கேடு. பாரமில்லாமல் ஓடும் டீசல் என்ஜினின் உள்ளே கரி படிந்துவிடும்.

லெட் ஆசிட்டா, லித்தியமா

மின்வெட்டுக் காலத்தில் வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தவர்களுக்கு லெட் ஆசிட் பேட்டரி பழக்கமானது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, துருவைத் துடைத்து, நான்கைந்து வருடம் ஓட்டுவோம். அது அவ்வளவு காலம் தாங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் அந்த பேட்டரி பெரும்பாலான நேரம் முழுச் சார்ஜில் உட்கார்ந்திருக்கிறது. படகில் அதற்கு அந்தச் சுகம் கிடையாது. தினமும் இறங்கி, தினமும் அரைகுறையாக ஏறி, எப்போதும் பாதி வயிற்றோடு வாழ வேண்டும்.

லெட் ஆசிட் பேட்டரியைக் கொல்வது இந்த அரைகுறைதான். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறைகிறது. 80 சதவீதத்துக்கு மேலே ஏற்றவோ நேரம் பிடிக்கிறது. நிரம்ப நிரம்ப அது வாங்கிக்கொள்ளும் மின்னோட்டம் சுருங்கிக்கொண்டே போகும். கடைசி 15 சதவீதத்துக்குப் பல மணி நேரம் ஆகும். வெயில் அதற்குள் சாய்ந்துவிடும். நிரம்பாமலே விடப்படும் தட்டுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவைத் திருடுகின்றன. ஆக, 50-க்கும் 85-க்கும் இடையில் இருக்கும் 35 சதவீதம்தான் படகுக்காரர் உண்மையில் புழங்கக்கூடியது. அட்டையில் எழுதியிருக்கும் 100 ஆம்பியர்-மணியில் 35.

மேகம் சூழ்ந்த இரண்டு நாளையும் சமாளிக்க, புழங்கக்கூடிய 300 ஆம்பியர்-மணி வேண்டும் என்று வைப்போம். லெட் ஆசிட்டில் அதற்குச் சுமார் 850 போட வேண்டும். 28 கிலோ எடையுள்ள 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் எட்டு, மொத்தம் 220 கிலோவுக்கு மேல். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம் என்பதால் 400 போதும். எடை 50 கிலோவை ஒட்டி. பாய்மரப் படகில் எடை எங்கே, எவ்வளவு என்பது ஓட்டத்தையே மாற்றும் விஷயம். இந்த வித்தியாசம் சின்னதல்ல.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. லித்தியத்துக்கு நிரம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதிச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தாலும் அதற்குக் கேடு வராது; முழுச் சார்ஜிலேயே தொங்கிக்கொண்டிருப்பதைவிட அது நல்லதும்கூட. மேகம் வரும், நிழல் விழும், வேகம் குறையும் என்று வரவு நிச்சயமில்லாத படகு வாழ்க்கைக்கு இந்தக் குணம் அப்படியே பொருந்துகிறது.

லித்தியம் என்றதும் தீப்பிடிக்கும் செல்போன்களின் நினைவு வருவது இயல்பு. படகுகளில் போடுவது வேறு வேதியியல். இரும்பு பாஸ்பேட்டில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரஸோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் விடுபட்டுத் தீயை வளர்ப்பதில்லை. இந்தப் பொருளை 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு கண்டறிந்து 1997-இல் வெளியிட்டது. இப்படிப்பட்ட கூட்டு அயனிகள் மின்வாய்க்குக் கூடுதல் வோல்டேஜ் தரும் என்பதை 1980-களிலேயே குட்இனஃபோடு சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம், தென் தமிழகத்தின் அமராபுரம் கிராமத்தில் பிறந்து மதுரையிலும் ஐஐடி மெட்ராஸிலும் படித்தவர். 2019-இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியதும் மந்திரம்தான். அட்லாண்டிக்கில் ஓடும் படகின் தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குள் இந்த உழைப்பும் இருக்கிறது என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பேட்டரியை மாற்றினால் மற்றதும் மாற வேண்டும்

பழைய லெட் ஆசிட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியத்தை வைத்தால் போதும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இதை நம்பிச் செய்த படகுகளில் முதலில் பலியாவது ஆல்டர்னேட்டர். லெட் ஆசிட் நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று பார்த்தோம். அந்தக் குறைபாடுதான் இத்தனை காலமும் ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றி வந்தது. லித்தியம் கொடுத்ததையெல்லாம் கடைசிவரை வாங்கிக்கொள்ளும். 100 ஆம்பியர் என்று எழுதிய சாதாரண ஆல்டர்னேட்டர், சூடான என்ஜின் அறையில் அந்த 100-ஐ மணிக்கணக்கில் தரும்படி செய்யப்பட்டதல்ல. கருகிவிடும்.

இன்னொரு ஆபத்து நொடியில் நடப்பது. லித்தியம் பேட்டரிக்குள் ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுக் காவலாள் இருக்கிறது. ஏதாவது ஒரு செல்லின் வோல்டேஜோ வெப்பமோ எல்லை மீறினால் அது பேட்டரியையே துண்டித்துவிடும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படித் துண்டித்தால், ஆல்டர்னேட்டரில் உற்பத்தியாகும் மின்சாரம் போக இடமில்லாமல் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். இணைப்பில் இருக்கும் திரைகளும் ரேடியோவும்கூடப் போகலாம்.

எளிய தீர்வு, ஆல்டர்னேட்டரை என்ஜின் ஸ்டார்ட் செய்யும் லெட் ஆசிட் பேட்டரியோடு எப்போதும் இணைத்து வைத்து, அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு அளவாக அனுப்புவது. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் அதற்கு மேல் ஆல்டர்னேட்டரிடம் கேட்காது. லித்தியம் துண்டிக்கப்பட்டாலும் ஸ்டார்ட் பேட்டரி அங்கேயே இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வேகமாக நிரப்ப விரும்புகிறவர்கள் ஆல்டர்னேட்டரின் வெப்பத்தை அளந்து மின்னோட்டத்தைக் குறைக்கும் வெளி ரெகுலேட்டரை வாங்குகிறார்கள். அதில் பிஎம்எஸ் துண்டிப்பதற்கு முன்பே ரெகுலேட்டருக்குச் சொல்லி ஆல்டர்னேட்டரை அணைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். சோலாரும் நீர்மின் கருவியும் நல்ல வரவு தரும் நம் படகுக்கு முதல் வழியே போதும் என்பேன்.

பிஎம்எஸ் துண்டித்தால் படகே இருண்டுவிடும் என்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. இரவு இரண்டு மணிக்கு, கப்பல் போக்குவரத்துக்கு நடுவில், ஆட்டோபைலட்டும் விளக்கும் ஒரே நேரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் அமைப்பை வரைய வேண்டும். அமெரிக்கப் படகுத் தரநிலை அமைப்பான ஏபிஒய்சி 2022-இல் லித்தியத்துக்கென வெளியிட்ட இ-13 என்ற தரநிலை, துண்டிப்பதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கச் சொல்கிறது. ஒரே பெரிய பேட்டரிக்குப் பதில் 200 ஆம்பியர்-மணி அளவில் இரண்டை, ஒவ்வொன்றும் சொந்த பிஎம்எஸ்ஸோடு, இணையாக வைத்தால் ஒன்று விலகினாலும் மற்றது தாங்கும். அதோடு சுக்கான், ரேடியோ, ஓட்ட விளக்குகள் மூன்றையும் தேவைப்பட்டால் ஸ்டார்ட் பேட்டரிக்கு மாற்ற ஒரு சுவிட்சும் வேண்டும். இது ஒரு பகல் வேலை, பெரிய செலவுமில்லை.

லித்தியத்தில் வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லெட் ஆசிட் ஓய்வில் இருக்கும்போது 12.7 காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. லித்தியம் நிறைவுக்கும் முடிவுக்கும் நடுவே பெரும்பகுதி 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் திடீரென்று சரியும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மானிட்டர் ஒன்று கட்டாயம் தேவை. அந்த எண்ணிக்கையும் நாளடைவில் விலகும். அவ்வப்போது முழுமையாக நிரப்பி அதை நேர்செய்ய வேண்டும்.

வயரும் ஃபியூஸும்

12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் அதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தீ விஷயத்தில் அந்தக் கணிப்பு தவறு. வோல்டேஜ் குறைவாக இருப்பதால்தான் ஆம்பியர் பெரிதாகிறது. வயரைச் சூடாக்குவது ஆம்பியர். இன்டக்‌ஷன் அடுப்புக்காக 2,000 வாட் இன்வெர்ட்டர் வைத்தால், முழு வேகத்தில் அது பேட்டரியிடமிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

நங்கூரத்தை இழுக்கும் வின்ச் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 வாட், 12 வோல்ட், சுமார் 85 ஆம்பியர். பேட்டரியிலிருந்து படகின் முனைக்கு 12 மீட்டர் என்றால் போய்வர 24 மீட்டர் வயர். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் வழியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துவிடும். 12-இல் 12 சதவீதம். 50 சதுர மில்லிமீட்டருக்குப் போனால் இழப்பு பாதியாகும், எடையும் விலையும் இரட்டிக்கும். அதே மோட்டாரை 24 வோல்ட்டில் வாங்கினால் மின்னோட்டம் பாதியாகி, 25 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே இழப்பு 3 சதவீதம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 24 வோல்ட்டை யோசிப்பதற்கு இதுதான் காரணம். 12 வோல்ட்டில் ஏற்கெனவே எல்லாம் இருக்கும் பழைய படகில் மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ரேடியோ, ஓட்ட விளக்கு போன்ற முக்கியமானவற்றுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 10 சதவீதம் என்பது ஏபிஒய்சி வைத்திருக்கும் இழப்பு வரம்பு.

வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய பலகம்பிச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். உப்புக் காற்று பூசாத செம்பை உறைக்குள்ளேயே கறுப்பாக்கிவிடும். முனைகளை நல்ல கருவியால் நசுக்கி இணைக்க வேண்டும். சால்டரை மட்டும் நம்பினால், அது விறைத்துப்போன இடத்தில் படகின் அதிர்வு கம்பியை முறித்துவிடும்.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. சாதனத்துக்கு வேண்டிய பாதுகாப்பு தனி. அதனால் ஃபியூஸின் அளவை வயர் தாங்கும் மின்னோட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மின்சாரம் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஏபிஒய்சி கணக்கில் சாதாரணமாக 7 அங்குலத்துக்குள், அது இருக்க வேண்டும். பேட்டரி முனையிலிருந்து நேராகப் போகும், உறைக்குள் பாதுகாத்த வயருக்குக் கூடுதல் தூரத்துக்குச் சலுகை உண்டு. லித்தியத்துக்கு இன்னொரு நிபந்தனை. அது ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் அதன் இரு முனைகளுக்கு நடுவே தீப்பொறிப் பாலம் அமைந்து மின்சாரம் தொடர்ந்து ஓடலாம். 20,000 ஆம்பியரைக்கூட அறுத்து நிறுத்தும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸை பிரதான இணைப்பில் வைப்பதற்கு இதுதான் காரணம். விலை அதிகம் என்று இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது.

கரை மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. துறைமுகத்தில் கேபிள் செருகும்போது அதன் எர்த் கம்பி வழியாக நம் படகு பக்கத்துப் படகுகளோடு இணைந்துவிடுகிறது. கடல்நீரில் அது ஒரு பெரிய பேட்டரி போல இயங்கி, நம் துத்தநாக அனோடுகளையும் பிறகு புரொப்பல்லரையும் தின்னத் தொடங்கும். அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டரோ, முடிந்தால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

எல்லாம் பொருத்திய பிறகு, கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே கரைக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து விரிகுடா ஒன்றில் நங்கூரம் போட்டு மூன்று நான்கு நாள் இருந்து பாருங்கள். ஷன்ட் காட்டும் எண்ணைக் காலையிலும் மாலையிலும் குறித்து, காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் தின்றிருக்கும். அதன் சுவரில் இன்னும் இரண்டு அங்குலம் காப்பு ஒட்டுவது இன்னொரு பேனலைவிட மலிவு. அப்புறம் ஒரு முழு இரவு ஆட்டோபைலட்டில் ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டரை முழுச் சுமையில் கால் மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் முனை தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிஎம்எஸ்ஸை வேண்டுமென்றே அணைத்து, இருட்டில் மாற்றுச் சுவிட்சை இரண்டு பேரும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். ஒவ்வோர் அளவிலும் உதிரி ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் பெல்ட், ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர் ஆகியவை ஈரம் படாத பெட்டியில் இருக்கட்டும். வயர்களுக்கு எண் ஒட்டி, முழு வரைபடத்தையும் சுவிட்ச் பேனலின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.